பின்னி மில் சோர்ஸ் எல்லாத்தையும் ஜோட்டேரோவுல ஏத்தின கதை

பின்னி மில் பத்தி எழுதணும்னு உக்காந்தா முதல்ல இடிக்கிறது என்னன்னா, சோர்ஸ் எதுவுமே ஒரே எடத்துல இல்ல. பாதி எழும்பூர் ஆவணக் காப்பகத்துல, கொஞ்சம் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல, கொஞ்சம் கன்னிமாராவுல, கொஞ்சம் இன்டர்நெட்ல ஸ்கேன் பண்ணி போட்ட பழைய புக்குங்க, மீதி இங்க பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் வீடுங்கள்ல டிரங்குப் பொட்டிக்குள்ள. எதை எங்க பாத்தோம்னு ஒழுங்கா எழுதி வைக்கலன்னா நமக்கே அடுத்த மாசம் தெரியாது, நமக்கு அப்புறம் வர்ற ஆளுக்கு சுத்தமா வழி இருக்காது. அதனாலதான் தீசிஸ் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, சோர்ஸ் விவரத்தை சேத்து வச்சு அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் போட்டுத் தர்ற ஜோட்டேரோங்கிற சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் ஏத்துற வேலையை எடுத்தேன், செஞ்சதை செஞ்ச மாதிரியே இங்க எழுதுறேன், தமிழ்ல ஆராய்ச்சி பண்ற வேற யாருக்காவது நேரம் மிச்சமானா சந்தோஷம்.

நான் வியாசர்பாடி. பகல்ல ஹார்பர் பக்கம் ஒரு குடோன்ல கணக்கு வேலை, ராத்திரியும் ஞாயித்துக்கெழமையும் பார்ட் டைம் பிஎச்டி. டாபிக், 1918லேந்து 1921 வரைக்கும் பின்னி கம்பெனியோட பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில் (சுருக்கமா பி அண்ட் சி) தொழிலாளிங்க. 1918 ஏப்ரல் 27ந் தேதி மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இவங்கள்லாம் சேர்ந்து. இந்தியாவுலயே முறைப்படி அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு சொல்லப்படுறது நம்ம ஏரியாவுல உருவானது. 1921 ஸ்ட்ரைக் மாசக்கணக்குல போய் புளியந்தோப்புல கலவரம் துப்பாக்கிச்சூடுன்னு முடிஞ்சுது. 1996ல மில்லையே மூடிட்டாங்க, இப்ப அந்த எடத்துல அப்பார்ட்மெண்ட் நிக்குது. கட்டடம் போயிடுச்சு, பேப்பர்தான் மிச்சம். அந்தப் பேப்பருக்கு சரியான விலாசம் எழுதி வைக்கிறது எனக்கு சின்ன வேலையாத் தெரியல.

சாஃப்ட்வேர் எதுன்னு ரொம்ப யோசிக்கல. எண்ட்நோட் காசு குடுத்து வாங்கணும். மெண்டலியை 2013ல எல்சேவியர் கம்பெனி வாங்கிட்டாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா என் குறிப்பு எல்லாம் ஒரு பப்ளிஷர் கையில இருக்குறதுல எனக்கு மனசு ஒப்பல. ஜோட்டேரோ இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2006ல அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் யூனிவர்சிட்டியில இருக்குற ஒரு வரலாற்று மையத்துலேந்து வந்தது. வரலாறு பண்றவங்களே செஞ்சதாலயோ என்னவோ ஆர்க்கைவ் பேரு, ஆர்க்கைவுக்குள்ள எந்த எடம், கால் நம்பர்னு தனித்தனி பொட்டி அதுலயே இருக்கு. நமக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா என் சோர்ஸ்ல முக்காவாசி ஜர்னல் கட்டுரையே இல்ல. டேட்டாவும் நம்ம லேப்டாப்லயே இருக்கும், நெட் இல்லாம வேலை செய்யலாம், எங்க தெருவுல மழைன்னா கரண்ட்டும் நெட்டும் சேர்ந்தே போற எடத்துக்கு அது பெரிய விஷயம்.

இன்ஸ்டால் பண்றது கஷ்டமே இல்ல. ஜோட்டேரோ ஒன்னு, பிரௌசர்ல கனெக்டர்னு ஒன்னு, அவ்ளோதான். இங்கிலீஷ் ஜர்னல் கட்டுரைன்னா கனெக்டர் பட்டனை அமுக்கினா தலைப்பு, ஆசிரியர், வால்யூம், பக்கம், டிஓஐங்கிற கட்டுரையோட நிரந்தர அடையாள நம்பர் எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும், பிடிஎஃப் கெடைச்சா அதையும் கூடவே இழுத்துக்கும். புது புக்குன்னா பின்னட்டையில இருக்குற ஐஎஸ்பிஎன் நம்பரை மந்திரக்கோல் பட்டன்ல போட்டா போதும். இந்தப் பகுதியை எல்லா யூடியூப் வீடியோவுலயும் காட்டுவாங்க, அதனால நான் இதோட விட்டுடுறேன்.

வேலை ஆரம்பிக்கிறதே அதுக்கு அப்புறம்தான். 1920கள்ல அச்சான புக்குக்கு ஐஎஸ்பிஎன் ஏது, அந்த முறையே 1970 வாக்குலதான் வந்துச்சு. தமிழ் தளங்கள் நெறையத்துல கனெக்டரை அமுக்கினா "வலைப்பக்கம்"னு மட்டும் சேமிச்சுட்டு சும்மா இருக்கும், ஆசிரியர் பேரு கூட வராது. வெளிநாட்டு லைப்ரரி கேட்டலாக்லேந்து எடுத்தா தலைப்பு ரோமன் எழுத்துல மேல கோடு கீழ புள்ளின்னு வந்து நிக்கும். அதனால தமிழ் புக்குக்கு நான் வச்சிருக்குற வழி இது: ஐட்டம் டைப்பை கையால "புக்"னு மாத்திட்டு, டைட்டில் பேஜை தொறந்து வச்சு பாத்து டைப் பண்றது. அட்டையைப் பாத்து இல்ல, உள்ள இருக்குற டைட்டில் பேஜ், அதுக்குப் பின்பக்கம் இருக்குற பதிப்பு விவரம். அட்டையில சுருக்கப் பேரு இருக்கும், மறுபதிப்புல தலைப்பே கொஞ்சம் மாறியிருக்கும். அச்சகம் பேரும் பதிப்பகம் பேரும் வேற வேறயா இருந்தா பதிப்பகம் அதுக்குரிய பொட்டியில, அச்சகம் எக்ஸ்ட்ராங்கிற பொட்டியில. ரோமன் தலைப்பையும் அழிக்க மாட்டேன், அதையும் எக்ஸ்ட்ராவுல போட்டு வச்சுடுவேன், நாளைக்கு இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை எழுதினா அது வேணும். லாங்குவேஜ் பொட்டியில தமிழுக்கான ரெண்டெழுத்து கோடு டி ஏ, அதையும் போட்டுடணும்.

மறுபதிப்புன்னா இன்னொரு விஷயம். 1944ல வந்த புக்கோட புதுப்பதிப்பை கையில வச்சிக்கினு வெறும் புது வருஷத்தை மட்டும் போட்டா, படிக்கிறவங்களுக்கு அது இப்ப எழுதினதுன்னு தோணும். எக்ஸ்ட்ரா பொட்டியில "ஒரிஜினல் டேட்"னு ஒரு வரி, அதுக்குரிய இங்கிலீஷ் வார்த்தையை நடுவுல சின்னக் கோடு போட்டு எழுதி முதல் பதிப்பு வருஷத்தை குடுத்தா ஏபிஏ மாதிரி மேற்கோள் ஸ்டைல்ல ரெண்டு வருஷமும் சேர்ந்து வரும். பக்க நம்பர் மட்டும் கையில இருக்குற பதிப்போடதுதான்.

இப்ப பேரு. தமிழ் ஆளுங்களுக்கு ஜோட்டேரோவுல ரொம்ப தலைவலி குடுக்குறது இதுதான்னு நெனைக்கிறேன். அது கேக்குறது குடும்பப் பேரு ஒரு பொட்டி, சொந்தப் பேரு ஒரு பொட்டி. நமக்கு இருக்குறது இனிஷியல், அது அப்பா பேரோ ஊரு பேரோ. "திரு.வி.க."ன்னா திருவாரூர், விருத்தாசலம், கலியாணசுந்தரம், மூணும் சேந்த பேரு அது. இதுல எது குடும்பப் பேரு? ஒன்னும் இல்ல. இங்கிலீஷ் சோர்ஸுக்கு சொந்தப் பேரை குடும்பப் பேரு பொட்டியிலயும் இனிஷியலை மத்த பொட்டியிலயும் போட்டுக்கிட்டேன், வெளிநாட்டு ஸ்டைல்ல அது ஓரளவுக்கு சரியா வரும். தமிழ் எழுத்துல இருக்குற பேருக்கு மட்டும் ஒத்தப் பொட்டி. பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா ரெண்டு பொட்டி ஒன்னாயிடும், நாம டைப் பண்ணது அப்படியே எழுத்து மாறாம வரும். இதுல ஒரு குறை உண்டு, நூற்பட்டியல்ல இனிஷியலை வச்சு வரிசைப்படுத்தும், "க. கைலாசபதி" க வரிசையில வந்தா சரி, "மு. ராகவையங்கார்" மு வரிசையில போயிடுவாரு. எங்க டிபார்ட்மெண்ட்ல இனிஷியல் முன்னாடி வச்சே பட்டியல் குடுக்கலாம்னு இருக்குறதால எனக்கு ஒத்துப்போச்சு. உங்க கைடு பேரு முன்னாடி இனிஷியல் பின்னாடின்னு கேட்டா ஒத்தப் பொட்டியிலயே "கைலாசபதி, க."ன்னு டைப் பண்ணிடலாம், ஆனா அடிக்குறிப்புலயும் அப்படியேதான் வரும், அதை ஏத்துக்கணும்.

ஒரே ஆளை ஒரே மாதிரி எழுதுறதும் ரொம்ப முக்கியம். "வாடியா, பி.பி." ஒரு ஐட்டத்துல, "வாடியா, பி. பி."ன்னு நடுவுல எடம் விட்டு இன்னொரு ஐட்டத்துல இருந்தா சாஃப்ட்வேருக்கு அவங்க ரெண்டு பேரு, சில ஸ்டைல்ல வேறுபடுத்திக் காட்டுறேன்னு தேவையில்லாம இனிஷியலை சேத்து காட்டும். கலியாணசுந்தர முதலியார், கலியாணசுந்தரனார், கலியாணசுந்தரம், திரு.வி.க., நாலும் நாலு புக்குல நாலு மாதிரி அச்சாகியிருக்கு. நான் ஒரு தனி நோட் போட்டு யாருக்கு எந்த வடிவம்னு எழுதி வச்சிட்டு அதையேதான் எல்லாத்துலயும் போடுறேன், புக்குல அச்சான வடிவம் எக்ஸ்ட்ராவுல போவுது. கூடவே இன்னொன்னு, தமிழ் டைப்பிங்ல "ஔ" எழுத்தை ஒத்த எழுத்தா அடிக்கிறதும் "ஒ"வும் "ள"வும் தனித்தனியா அடிக்கிறதும் கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒன்னு, கம்ப்யூட்டருக்கு வேற. சௌந்தரம், மௌனம், கௌரவம் இதெல்லாம் ரெண்டு மாதிரியும் டைப் ஆயிருக்கும். தேடினா வராது, டூப்ளிகேட் ஐட்டம்ஸ் பகுதியும் ரெண்டையும் ஒன்னுன்னு புடிக்காது. வேற எங்கியாவதுலேந்து காப்பி பண்ணி ஒட்டுற தலைப்புல இதை ஒரு பார்வை பாத்துடுங்க.

வருஷத்துல இன்னும் சுவாரசியம். பழைய நோட்டீஸ், சின்ன பிரசுரம் எல்லாத்துலயும் "துன்மதி வருஷம் ஆடி மாசம்"னு மட்டும் இருக்கும், இங்கிலீஷ் வருஷமே இருக்காது. துன்மதி 1921 சித்திரையில ஆரம்பிச்சு 1922 பங்குனியோட முடியுது. ஆடின்னா 1921 ஜூலை ஆகஸ்ட், ஸ்ட்ரைக் நடந்துக்கிட்டு இருக்குற நேரம். அதே துன்மதி மாசின்னா 1922 பிப்ரவரி மார்ச், ஸ்ட்ரைக் முடிஞ்சே போச்சு. துன்மதின்னு பாத்தவுடனே 1921ன்னு டைப் பண்ணா கதையே தலைகீழாயிடும். அறுவது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்பி வரும்ங்கிறதும் உண்டு, 1861லயும் துன்மதி, 1981லயும் துன்மதி, காகிதத்தையும் அச்சையும் விஷயத்தையும் பாத்துதான் எதுன்னு முடிவு பண்ணணும். என் வழி, டேட் பொட்டியில நான் கணக்குப் பண்ண இங்கிலீஷ் மாசமும் வருஷமும், எக்ஸ்ட்ராவுல அச்சுல இருக்குற தமிழ் தேதி அப்படியே. 1918ல காளயுக்தி, 1919ல சித்தார்த்தி, 1920ல ரௌத்திரி, 1921ல துன்மதி, இந்த நாலு எனக்கு இப்ப மனப்பாடம்.

எழும்பூர் விஷயத்துக்கு வர்றேன். பழைய சர்க்கார் ஃபைல்ல ஜி.ஓ. (அரசாணை) நம்பர் மட்டும் எழுதிட்டு வந்தா பிரயோஜனமே இல்ல. டிபார்ட்மெண்டுக்கு டிபார்ட்மெண்ட் தனி வரிசை, வருஷம் மாறினா நம்பர் திரும்ப ஒன்னுலேந்து. அதனால நம்பர், டிபார்ட்மெண்ட், முழுத் தேதி மூணும் சேந்தாதான் விலாசம். ஜோட்டேரோவுல இதுக்கு டாக்குமெண்ட்னு ஒரு டைப் எடுத்துக்கிட்டேன், தலைப்பு பொட்டியில ஃபைலோட விஷயத்தை அதுல இருக்குற வார்த்தையிலயே, ஆர்க்கைவ் பொட்டியில காப்பகத்தோட பேரு, ஆர்க்கைவுக்குள்ள எடம்ங்கிற பொட்டியில மேல சொன்ன மூணும். ஒரே ஜி.ஓ.வுக்குள்ள போலீஸ் ரிப்போர்ட், கம்பெனி மேனேஜர் லெட்டர், யூனியன் மனுன்னு பல காகிதம் கெடக்கும், ஒவ்வொன்னுக்கும் தனி ஐட்டம் போட்டு "ரிலேட்டட்" பகுதியில ஒன்னோட ஒன்னு கோத்து வச்சுடணும். மேனேஜர் எழுதினதை சர்க்கார் சொன்னதுன்னு எழுதிட்டா அது பெரிய தப்பு, இந்தப் பிரச்சனையில அவங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசல.

நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்னு ஒன்னு இருக்கு, அந்தக் காலத்துல தமிழ், தெலுங்கு பேப்பர்ல வந்ததை சர்க்கார் ஆளுங்க இங்கிலீஷ்ல சுருக்கி மொழிபெயர்த்து வாராவாரம் மேல அனுப்பினது. பி அண்ட் சி ஸ்ட்ரைக் பத்தி படிக்கிற எல்லாரும் அதுல போய் நிப்போம், ஏன்னா ஒரிஜினல் பேப்பர் எல்லா இதழும் கெடைக்கிறது இல்ல. இதுல நான் புடிவாதமா இருக்குற விஷயம் ஒன்னு உண்டு. நாம பாத்தது சுதேசமித்திரன் இல்ல, சுதேசமித்திரன்ல எழுதினதா ஒரு சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷ்ல குடுத்த சுருக்கம். அதை நேரா "சுதேசமித்திரன், இந்தத் தேதி"ன்னு அடிக்குறிப்பு போடுறது பாக்காததை பாத்தேன்னு சொல்றது. அதனால இதை ரிப்போர்ட் டைப்ல ஏத்தி, எந்த வாரத்து ரிப்போர்ட், எத்தனாவது பத்தின்னு எழுதி, பேப்பர் பேரையும் தேதியையும் தலைப்புக்குள்ளயே வச்சேன். ரோஜா முத்தையாவுல எப்பவாவது ஒரிஜினல் இதழ் கெடைச்சா அதுக்குன்னு தனியா நியூஸ்பேப்பர் ஆர்ட்டிக்கிள்னு ஒரு ஐட்டம், ரெண்டையும் ரிலேட்டட்ல கோத்து விட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கும்போது மொழிபெயர்ப்புல எதை விட்டாங்கன்னு தெரியிறதே ஒரு தனி அத்தியாயத்துக்கு ஆகும். வியாசர்பாடி ஜீவாவுல ரயில் ஏறி எறங்கி பறக்கும் ரயில் மாத்தி தரமணி போறது தூரம்தான், ஆனா இதுக்காக எவ்ளோ தடவை வேணாலும் போவலாம்.

கம்பெனி வாடியா மேலயும் மத்த தலைவருங்க மேலயும் மெட்ராஸ் ஹைகோர்ட்ல போட்ட வழக்குக்கு "கேஸ்"னு தனி டைப் இருக்கு, அந்த வழக்குல வந்த தடை உத்தரவோட விளைவா கெளம்பின கோரிக்கைதான் கடைசியில 1926 தொழிற்சங்கச் சட்டத்துல போய் நின்னுச்சு, அந்தச் சட்டத்துக்கு "ஸ்டாச்சூட்". இதெல்லாம் லேசு, சீக்கிரம் முடிஞ்சுது.

வீட்டுக் காகிதங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. ரிட்டயர்டு மில் தொழிலாளிங்க வீட்டுல யூனியன் சந்தா ரசீது, கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, பழைய குரூப் போட்டோ எல்லாம் இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வட சென்னையில தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப இதுல எவ்வளவோ ஊறிப்போச்சு. ஒரு தாத்தா ஒட்டிப்போன ரசீது கட்டை என் கையில குடுத்து "இத வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவியோ பண்ணு நைனா, ஆனா எங்க பேரு கெட்டுறக் கூடாது"ன்னு சொன்னாரு. நான் எடுத்துக்கினு வரல, அங்கயே உக்காந்து போட்டோ எடுத்துட்டு திருப்பிக் குடுத்துட்டேன். ஐட்டத்துல ஆர்க்கைவ் பொட்டியில "தனியார் சேகரிப்பு, ஓட்டேரி"ன்னு மட்டும், வீட்டு நம்பரோ பேரோ கெடையாது, அதுக்கு பதில் ஒரு கோடு எண், யாரு எந்தக் கோடுங்கிறது பேப்பர் நோட்டுல, அது நெட்டுக்கு வராது. பேச்சை ரெக்கார்டு பண்ணதுக்கு இன்டர்வியூ டைப், அதுலயும் கோடு எண்தான், ஆடியோவை எங்க வச்சிருக்கேன், எந்த நிமிஷத்துல இந்த விஷயம் வருதுன்னு நோட்ல எழுதினேன். 1921ஐ நேர்ல பாத்த ஆளுங்க இப்ப யாரும் இல்ல, இவங்க சொல்றது அப்பா சொன்னது, தாத்தா சொன்னது, சங்கு ஊதுறதுக்கு முன்னாடி கேட்டு முன்னால நின்னப்ப காதுல விழுந்தது. அது ரெண்டாங்கைங்கிறதை டேக் போட்டு வச்சிருக்கேன். அதனால அதோட மதிப்பு கொறையாது, ஆனா படிக்கிறவங்களுக்கு அது தெரியணும்.

போட்டோவும் ஸ்கேனும் சேர சேர எடப் பிரச்சனை. ஜோட்டேரோ சர்வர்ல ஃபைலுக்கு இலவசமா 300 எம்பிதான், ஆவணப் போட்டோவுக்கு அது எந்த மூலைக்கு. ஆனா ஐட்டம் விவரம், நோட்ஸ், டேக் இதுக்கெல்லாம் அந்த அளவு கிடையாது, எவ்ளோ வேணாலும் சிங்க் ஆவும். அதனால பிடிஎஃப் எல்லாத்தையும் ஒரு தனி ஃபோல்டர்ல போட்டு "லிங்க்டு ஃபைல்"னு இணைச்சேன், செட்டிங்ஸ்ல அந்த ஃபோல்டரை பேஸ் டைரக்டரின்னு சொல்லி வச்சா வேற லேப்டாப்ல தொறந்தாலும் வழி மாறாது. அந்த ஃபோல்டர் மட்டும் டிரைவ்ல பேக்கப் ஆவுது, இன்னொரு காப்பி ஹார்டு டிஸ்க்ல. ஒன்னு கண்டிப்பா சொல்லணும், ஜோட்டேரோவோட சொந்த டேட்டா ஃபோல்டரை ட்ராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மாதிரி தானா சிங்க் ஆவுற எடத்துல வைக்கவே கூடாது, டேட்டாபேஸ் கெட்டுப்போவ வாய்ப்பு இருக்குன்னு ஜோட்டேரோக்காரங்களே எச்சரிக்கிறாங்க.

ஸ்கேன்ல தேடணும்னா ஓசிஆர், அதாவது படத்துல இருக்குற எழுத்தை டெக்ஸ்டா மாத்துற வசதி வேணும். டெசராக்ட் இலவசம், தமிழ் டேட்டா இருக்கு, தமிழும் இங்கிலீஷும் கலந்த பக்கத்துக்கு ரெண்டு மொழியையும் சேத்தே குடுக்கலாம். 1980க்கு அப்புறம் அச்சான புக்குல நல்லா படிக்குது. பழசுல சொதப்புது, காரணம் அச்சு மங்கலா இருக்குறது மட்டும் இல்ல, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி ணை, லை, னை, ளை, ணா, றா, னா எல்லாம் வேற உருவம், ணை, லை மாதிரி எழுத்துல கொம்பு தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சிருக்கும். அதை மெஷின் வேற எழுத்தா எடுத்துக்குது. நான் முழுப் புக்கையும் திருத்த போவல, எனக்கு வேணும்ங்கிற பத்தியை மட்டும் கையால டைப் பண்ணி நோட்டா போட்டேன், மேற்கோள் எடுக்குறது எப்பவும் போட்டோவைப் பாத்துதான், ஓசிஆர் டெக்ஸ்ட்லேந்து கிடையாது. இன்னொரு வகை பிடிஎஃப் இருக்கு, 2000 வாக்குல பழைய ஃபாண்ட்ல செஞ்சது, கண்ணுக்கு தமிழ், காப்பி பண்ணா இங்கிலீஷ் எழுத்து கந்தலா வரும். அதுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்னுல போட்டு யூனிகோடா மாத்திக்கணும்.

அடுக்குறதுல என் முறை, கலெக்ஷன் எல்லாம் அத்தியாயப்படி, டேக் எல்லாம் வேலை நிலைப்படி. கலெக்ஷன்ங்கிறது ஃபோல்டர் கிடையாது, ஒரே ஐட்டம் மூணு அத்தியாயத்துல இருந்தாலும் உள்ள ஒன்னுதான் இருக்கும், ஒரு எடத்துல திருத்தினா எல்லா எடத்துலயும் மாறும். கலர் டேக் ஒம்போது வரைக்கும் வச்சுக்கலாம், கீபோர்டுல 1லேந்து 9 வரைக்கும் நம்பரை தட்டினா போட்டுடும். நான் வச்சிருக்குறது அஞ்சுதான்: பக்கம் சரிபாக்கணும், ஒரிஜினல் தேடணும், தேதி சந்தேகம், ரெண்டாங்கை, முடிஞ்சுது. "முடிஞ்சுது" போடாத எதையும் தீசிஸ்ல மேற்கோள் காட்டுறது இல்ல, இந்த ஒரு கட்டுப்பாடு எனக்கு ராத்திரி நிம்மதியா தூக்கம் குடுக்குது.

அடுத்து ஸ்டைல். ஜோட்டேரோ ஸ்டைல் எல்லாம் சிஎஸ்எல்னு ஒரு முறையில எழுதின ஃபைல், ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா எங்க டிபார்ட்மெண்ட் கேக்குற தமிழ் அடிக்குறிப்பு மாதிரி எனக்கு ஒன்னும் அமையல. முன்னாடி சொன்ன அதே சோர்ஸ்னு காட்ட "மேலது" வேணும், "ப.", "பக்." வேணும், "பதிப்பாசிரியர்" வேணும், அது குடுக்குறது இபிட், எடிட்டட் பை. அதனால சிகாகோ அடிக்குறிப்பு ஸ்டைல்ல இபிட் வர்ற வகையை எடுத்து, அதோட காப்பியில கை வச்சேன். ஜோட்டேரோவுக்குள்ளயே ஸ்டைல் எடிட்டர் இருக்கு, டூல்ஸ்ல டெவலப்பர் மெனுவுல, மேல மாத்த மாத்த கீழ ரிசல்ட் தெரியும். முதல் வேலை, ஃபைல்ல இருக்குற டைட்டிலையும் ஐடியையும் மாத்துறது, அப்பதான் ஒரிஜினல் ஸ்டைல் அப்டேட் ஆவும்போது நம்ம திருத்தத்தை அழிக்காம இருக்கும். ரெண்டாவது, லொக்கேல்னு ஒரு பகுதியை சேத்து அதுக்குள்ள ஒவ்வொரு டெர்முக்கும் தமிழ் குடுக்குறது: இபிட்டுக்கு மேலது, எட் ஆலுக்கு மற்றும் பலர், பக்கத்துக்கு ஒருமையில ப. பன்மையில பக். இவ்ளோ செஞ்சும் பக்க நம்பருக்கு முன்னாடி "ப." வரல, ஏன்னா சிகாகோவுல வெறும் நம்பர்தான் வழக்கம், அந்த ஸ்டைல்ல லேபிள் கேக்கவே இல்ல. லொக்கேட்டர், அதாவது பக்க நம்பர் வர்ற வரிக்கு முன்னாடி ஒரு லேபிள் வரி சேத்ததும் "மேலது, ப. 45"னு வந்துச்சு. அன்னிக்கு அதைப் பாத்துட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூட படிக்கிற அக்காவுக்கு அனுப்பினேன், "டேய் தம்பி, இந்த ஃபைலை முதல்ல எனக்கு அனுப்பு"ன்னு உடனே போன் வந்துச்சு.

இதுல ஒரு எல்லை இருக்கு, டெர்ம் எல்லாம் டாக்குமெண்டுக்கு ஒரு மொழிதான், ஐட்டத்துக்கு ஐட்டம் மாறாது. இங்கிலீஷ் புக்குக்கும் "ப. 45"தான் வரும். தமிழ்ல எழுதுற தீசிஸ்ல அது இருக்குறதே சரின்னு என் கருத்து, கைடும் ஒத்துக்கிட்டாரு.

எழுதுறது லிப்ரேஆஃபீஸ்ல, கடைசியா குடுக்க வேண்டியது வேர்டுல. ரெண்டுலயும் ஜோட்டேரோ பட்டன் வருது, சைட்டேஷன் போட்டு பேரு தட்டினா ஐட்டம் வரும், கூடவே பக்க நம்பரை அதுலயே குடுத்துடணும், வெளிய கையால டைப் பண்ணா அடுத்த தடவை ரெஃப்ரெஷ் ஆவும்போது குழப்பம். ஒரு பத்தியை தூக்கி வேற எடத்துல வச்சா மேலது எல்லாம் தானா மாறிக்குது, கையால அடிக்குறிப்பு போட்ட காலத்துல இதுக்கு ஆளுங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாங்கன்னு நெனைச்சுப் பாத்தேன். லிப்ரேஆஃபீஸ்லேந்து வேர்டுக்கு போவும்போது ஃபைலை சும்மா "சேவ் ஆஸ்" பண்ணா சைட்டேஷன் உயிர் போயிடும், டாக்குமெண்ட் ப்ரிஃபரன்ஸ்ல "வேற வேர்ட் ப்ராசஸருக்கு மாறு"ன்னு ஒரு பட்டன் இருக்கு, அது வழியா போனாதான் அந்தப் பக்கம் திரும்ப உயிரோட வரும். கைடுக்கு கடைசி காப்பி அனுப்பும்போது மட்டும் ஒரு பிரதி எடுத்து வச்சுட்டு, அந்தப் பிரதியில அன்லிங்க் பண்ணிடணும், அப்ப வெறும் எழுத்தா நிக்கும்.

ஏஐ கிட்ட நூற்பட்டியல் கேக்குறது இப்ப நெறைய பேரு பண்றாங்க, அதையும் சொல்லிடுறேன். மெட்ராஸ் தொழிலாளர் வரலாறுன்னு கேட்டா பாக்க அழகா இருபது புக்கு பேரு குடுக்கும், அதுல சிலது உலகத்துல எங்கயுமே இருக்காது, ஆசிரியர் உண்மை, தலைப்பு பொய்னும் வரும். கேட்டலாக்ல தேடி கெடைச்சதை மட்டும்தான் லைப்ரரிக்குள்ள விடணும். தேடுறதுக்கு ஒரு வார்த்தை, ஒரு பேரு புடிக்க அது உதவலாம், சோர்ஸுக்கு சாட்சி சொல்ல அது ஆவாது.

இப்ப ஒரு குரூப் லைப்ரரி தொறந்திருக்கேன், ஜோட்டேரோவுல அது இலவசம், ஃபைல் எடம் மட்டும் தொறந்தவங்க கணக்குல போவும், அதனால அதுல ஐட்டமும் நோட்டும் மட்டும், வீட்டுக் காகிதமும் இன்டர்வியூவும் கெடையாது. வண்ணாரப்பேட்டை பத்தி பண்ற ஒரு தங்கச்சியும், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பத்தி எம்ஏ ப்ராஜெக்ட் பண்ற ஒரு தம்பியும் சேந்திருக்காங்க. பேரு எழுதுற நோட், தமிழ் வருஷ நோட், ஸ்டைல் ஃபைல் மூணையும் அவங்களுக்கு குடுத்துட்டேன். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் வேலை பாக்கி இருக்கு, ஹார்பர் பழைய மேப்புங்க சிலதுல தேதியே இல்ல, அதுக்கு டேட் பொட்டியில என்ன போடுறதுன்னு கேட்டான். இப்போதைக்கு மேப்னு டைப் எடுத்து, தேதி பொட்டியை காலியா விட்டு, மேப்ல எந்த ரோடு இருக்கு எது இன்னும் வரலன்னு நோட்ல எழுதி, "தேதி சந்தேகம்" டேக் போடச் சொல்லியிருக்கேன், அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் உக்காந்து அந்த ரோடுங்களை ஒவ்வொன்னா பாக்கப் போறோம்.